பழனிமலைத் தொடரில் மூலிகைச் சேகரிப்பு: அறிவு, அளவு, உரிமை

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஒன்பது பாடாணங்களைக் கட்டி முருகன் திருமேனியை உருவாக்கியவர் போகர் என்பது பழனி மரபு. அதனால் இம்மலையின் மருத்துவத்தைப் பேச வருவோர் பெரும்பாலும் சித்தர் பெயரிலிருந்தே தொடங்குவர். இக்கட்டுரை செடியைத் தேடிக் கண்டு, தோண்டி, சுமந்து இறக்கும் மனிதரிடமிருந்து தொடங்குகிறது. மருந்தை அரைப்பவரையும் விற்பவரையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பறிப்பவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

மூன்று கேள்விகளை இங்கு ஆராய்கிறோம். செடியின் எந்த உறுப்பு எடுக்கப்படுகிறது? எவ்வளவு விட்டுவைக்கப்படுகிறது? அந்த அளவை முடிவு செய்பவர் யார்? முதலிரண்டும் தாவரவியல் சார்ந்தவை. மூன்றாவது உரிமை சார்ந்தது. மூன்றாவதற்கு நேர்மையான விடை கிடைக்காத இடத்தில் முதலிரண்டுக்கும் நல்ல விடை கிடைப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆய்வு எல்லை, கொடைக்கானலை நடுவாகக் கொண்ட பழனிமலைத் தொடர். ஒப்பீட்டுக்காக அகத்தியமலை, தாராபுரம், ஒட்டன்சத்திரம், செங்கல்பட்டுப் பகுதிகளின் செய்திகளும் சேர்க்கப்பட்டுள்ளன. மருந்துச் செய்முறைகள் இதில் இல்லை.

2. மலையின் அடுக்குகள்

2.1 இயற்கை அமைப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் கிளைத்தொடர் பழனிமலை. இதன் மிக உயரமான சிகரம் வந்தரவு, 2,500 மீட்டருக்கும் மேல். கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டரில் இருக்கிறது. இங்குள்ள மக்கள் தம் ஊர்களை இரண்டாகப் பிரித்தே பேசுவர். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்றவை மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்றவை கீழ்மலை. மூலிகை ஆய்வுக்கும் இப்பிரிவு பொருந்தும்; அடிவாரத்தை மட்டும் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடிவாரத்து வறண்ட முட்காட்டிலும் இலையுதிர் காட்டிலும் கடுக்காய், நெல்லி, தான்றி, சீந்தில், நன்னாரி, தண்ணீர்விட்டான் ஆகியவை கிடைக்கும். கீழ்மலையில் காப்பித் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காட்டில் காட்டு மிளகும் பலவகை வள்ளிக் கொடிகளும் உண்டு. மேல்மலையில் பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. சோலை மரங்களின் பட்டையில் பாசி படர்கிறது. ஈரப் புல்தரையில் வல்லாரை ஊர்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை நடந்தால் ஒரே நாளில் நான்கைந்து வகைக் காடுகளைக் கடக்கலாம். ஒரு சிறு நிலப்பரப்பில் இத்தனை மருந்துச் செடிகள் கூடியிருப்பதற்கு இந்த உயர வேறுபாடே காரணம்.

2.2 ஆவணப்படுத்திய வரலாறு. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறினர். அதன்பின் தாவரவியலாளர் வருகை தொடர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களை நூலாக்கினார். செண்பகனூர் இயேசு சபையினர் உலர்தாவரத் தொகுப்பையும் ஆர்க்கிட் தோட்டத்தையும் வளர்த்தனர். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தில் பணியாற்றிய கே. எம். மேத்யூ, 1999-இல் பழனிமலைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். எந்தச் செடி எங்கே வளர்கிறது என்ற கேள்விக்கு இன்று நம்பத்தக்க விடை இருப்பது இவர்களின் உழைப்பால்தான். அதை எப்போது, எப்படி, எவ்வளவு எடுப்பது என்பது இந்நூல்களின் எல்லைக்கு வெளியே, வேறு மனிதரிடம் இருந்தது.

3. அறிவின் இரு மரபுகள்

3.1 பளியர் அறிவு. இம்மலையின் தொல்குடிகளில் பளியர் முதன்மையானவர். எஃப். டாமென் என்ற இயேசு சபைத் துறவி 1908-இலேயே பழனிமலைப் பளியர் பற்றி ஐரோப்பிய மானிடவியல் இதழொன்றில் எழுதினார். அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960-களில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்தார். அவர் 1966-இல் முன்வைத்த கருத்து நமக்கு மிகவும் வேண்டியது. பளியரின் அறிவு பெரும்பாலும் ஒவ்வொருவரும் தம் சொந்த அனுபவத்தில் சேர்த்துக்கொள்வது; பாடமாகச் சொல்லிக் கொடுக்கப்படுவது குறைவு; அதனால் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றார் அவர்.

இதன் விளைவு பெரிது. ஏட்டில் எழுதிய அறிவு, படிப்பவர் இல்லாத காலத்திலும் ஏட்டில் கிடக்கும். அனுபவத்தில் மட்டும் வாழும் அறிவு, காட்டுக்குள் போவது நின்ற ஒரே தலைமுறையில் அழியும். பளியர் சிறுவன் தந்தையோடு காட்டுக்குப் போகாமல் போனால், பின்னாளில் எந்தப் பயிற்சி முகாமும் அதை ஈடுசெய்யாது.

3.2 சித்த மருத்துவ ஏட்டறிவு. சித்த மரபு மருந்துப் பொருளைத் தாவரம், தாது, சீவம் என மூன்றாக வகுக்கிறது. மூலிகை எடுப்பதற்கு முன் செடிக்குக் காப்புக் கட்டுதல், சாபநிவர்த்தி செய்தல், நாள் பார்த்தல் ஆகிய நெறிகள் இம்மரபில் உண்டு. இவற்றை வெறும் சடங்கென ஒதுக்குவது எளிது. செயலளவில் இவை செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். செடியை முன்கூட்டியே அடையாளம் கண்டு, குறித்த நாளில் வந்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கிறது. கண்டதையெல்லாம் ஒரே நாளில் வாரிச் செல்ல இந்நெறி இடம் தராது.

நஞ்சுள்ள மூலிகையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பதும் இம்மரபின் உறுதியான விதி. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இந்த ஏட்டறிவை இன்று கல்வியாக்கி வைத்திருக்கின்றன.

3.3 இரண்டும் சந்திக்கும் இடம். ஏடு அறிந்தவருக்குச் செடியின் குணம் தெரியும். காடு அறிந்தவருக்குச் செடியின் இருப்பிடம் தெரியும். நாட்டு மருந்துக் கடைத் தட்டில் இரண்டும் சேர்கின்றன. அங்கே மருத்துவரின் அறிவு விலையில் ஏறுகிறது. பறித்தவரின் அறிவு எடைக்கல்லோடு நின்றுவிடுகிறது.

4. சேகரிப்பு முறை: உறுப்பும் அளவும்

4.1 உறுப்பின்படி வகைப்பாடு. சேகரிப்பின் தாக்கத்தை அளக்கச் சிறந்த அளவுகோல், எடுக்கப்படும் உறுப்பு.

(அ) இலை, பூ: வல்லாரை, தூதுவளை, ஆடாதோடை போன்றவை. அளவோடு பறித்தால் செடி மீண்டும் தழைக்கும்.

(ஆ) காய், கனி, விதை: கடுக்காய், நெல்லி, தான்றி, பூந்திக்கொட்டை போன்றவை. மரம் நிற்கும், ஆனால் எல்லாக் காயும் போனால் அடுத்த தலைமுறை மரம் முளைக்காது.

(இ) பட்டை, பிசின்: சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். ஒரு பக்கம் மட்டும் சிறிதாக எடுத்தால் காயம் ஆற வாய்ப்புண்டு.

(ஈ) வேர், கிழங்கு, முழுச்செடி: நன்னாரி, மாகாளி, தண்ணீர்விட்டான், நிலவேம்பு போன்றவை. எடுப்பதும் செடியைக் கொல்வதும் இங்கு பெரும்பாலும் ஒன்றே.

சந்தையில் தேவை ஏறும்போது நான்காம் வகையே முதலில் அருகும். 2012-க்குப் பின் டெங்குக் காய்ச்சலின்போது நிலவேம்புக் குடிநீரும், 2020-இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரும் தமிழகமெங்கும் வழங்கப்பட்டன. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள்; கபசுரக் குடிநீரில் பதினைந்து. இவற்றுள் வேர், கிழங்கு, முழுச்செடி வகைகள் பல. ஓர் அரசாணை வெளியான மறுவாரமே தேவை பன்மடங்காகலாம். காட்டில் ஒரு வேர் முற்ற ஆண்டுகள் ஆகும்.

4.2 கிழங்கு தோண்டும் முறை. வேரெடுத்தும் செடியைக் காக்க முடியும் என்பதற்குக் காட்டுவள்ளி தோண்டுவதே சான்று. மழைக்காலம் முடிந்து கொடி வாடிய பிறகுதான் கிழங்கு முற்றியிருக்கும். வாடிய கொடியைப் பற்றி அது மண்ணில் இறங்கும் இடத்தைக் கண்டு, முனை சீவிய கம்பால் ஓரமாகக் குழி பறிப்பார்கள். கிழங்கு நேர்கீழாக ஓர் ஆள் உயரம்கூட இறங்கியிருக்கும். கையளவு மண்ணாக அள்ளிக்கொண்டே போக வேண்டும். கொடி ஒட்டிய தலைப்பகுதியை வெட்டித் தனியே வைத்துக்கொண்டு, கீழ்ப்பகுதியை எடுத்தபின், தலையைக் குழியிலேயே நட்டு மண்ணை மூடுவார்கள். அடுத்த மழைக்கு அங்கேயே கொடி ஏறும். குழியில் போட்ட மண் பொலபொலப்பாக இருப்பதால் அடுத்த கிழங்கு எளிதாக இறங்கும். எடுத்தவரே மறுபடியும் அதே இடத்துக்கு வர முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே இம்முறை நிலைக்கும். நாளை வேறொருவர் வந்து தோண்டிவிடுவார் என்ற நிலையில் யாரும் தலையை நட்டுவிட்டு வர மாட்டார்கள்.

5. மூன்று வகைமாதிரிகள்

5.1 செங்காந்தள்: காட்டிலிருந்து வயலுக்கு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களுள் முதலில் நிற்பது காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பன அதன் நாட்டு வழக்குகள். இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் கௌட் எனும் மூட்டுவாதத்துக்கு உலகெங்கும் தரப்படும் மருந்து. 2023-இல் அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு, குறைந்த அளவுக் கோல்ச்சிசினை இதயநோய் ஆபத்தைக் குறைக்கவும் அனுமதித்தது.

பழனிமலையின் வடக்கே ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் இது இன்று வயற்பயிர். கிளுவை வேலியிலும் கம்பிப் பந்தலிலும் கொடி ஏற்றப்படுகிறது. இப்பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீள்கிறது. தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் விவசாயக் கூலிகள் காலையில் பந்தலுக்குள் குனிந்து போய், ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தத்தைச் சேர்க்கிறார்கள். அந்தக் கைவேலையின் பலன்தான் விதை மூட்டை.

சாகுபடி காட்டைக் காத்ததா? பாதி மட்டுமே. தொடக்கத்தில் விதைக்கிழங்கு காட்டிலிருந்தே தோண்டி வந்தது. வயல் தன் விதையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வரை, சாகுபடியும் காட்டின் மேல் ஒரு சுமையே. பிற மூலிகைகளைப் பயிராக்க முனைவோர் இதைப் பாடமாகக் கொள்ள வேண்டும்: முதலில் நாற்றங்கால், பிறகே பரப்பு.

5.2 மாகாளிக்கிழங்கு: மீளாத வேர். வறண்ட பாறை இடுக்குகளில் வளரும் கொடி இது. தமிழ் வீடுகளில் மோரில் ஊறிய ஊறுகாயாகப் பெயர் பெற்றது. மருந்துச் சந்தையில் நன்னாரிக்கு மாற்றாகவும் செல்கிறது. பாறையிடுக்கில் ஓடும் வேரை முழுதாக இழுத்தெடுப்பதே வழக்கம் என்பதால் செடி மிஞ்சுவதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாபத்துள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. உணவு, மருந்து என இரண்டு சந்தைகள் ஒரே வேரை இழுக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

5.3 கல்பாசி: மலையின் காற்றைக் காட்டும் பொருள். செட்டிநாட்டு மசாலாவிலும் நாட்டு மருந்திலும் சேரும் கல்பாசி, மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரக்கூடியது. ஒரு கிளையைச் சுரண்டி எடுப்பது சில நிமிட வேலை. அது மீண்டும் மூட ஆண்டுக்கணக்காகும்.

இன்னொரு செய்தியும் உண்டு. லைக்கனுக்கு வேர் இல்லை. காற்றிலும் மழையிலும் வருவதையே உட்கொள்ளும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட இந்துஸ்தான் லீவர் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசை ஆய்ந்த அறிவியலாளர்கள், 2003-இல் வெளியான ஆய்வுக்கு இப்பகுதி லைக்கனையும் பாசியையுமே அளவுகோலாகக் கொண்டனர். மாசை அளக்க உதவும் பொருளை மாசுபட்ட இடத்தில் சேகரித்து மருந்தாக்கக் கூடாது. செடி எது என்பதோடு, எந்த இடத்துச் செடி என்பதும் மருந்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

6. மாறிய மலை

கீழ்நாட்டின் தேவை இம்மலையின் தாவரங்களைத் தொடர்ந்து மாற்றியிருக்கிறது. திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். தோல் பதனிடக் கடுக்காயின் துவர்ப்பு உதவும். வாட்டில் மரப்பட்டையும் அதற்கே உதவும். பதனிடும் சாற்றுக்கும் கூழ்மரத்துக்குமாக மேல்மலைப் புல்வெளிகளில் வாட்டிலும் யூக்கலிப்டசும் பைனும் நடப்பட்டன. பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் மறைந்துவிட்டதாக 2018-இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டுகிறது. தோட்டக்காடும் வேளாண்மையும் அதற்குக் காரணங்கள்.

மூலிகை அழிவைப் பற்றிப் பேசும்போது பறிப்பவர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஒரு பளியர் குடும்பம் வாழ்நாள் முழுதும் பறித்தாலும் அழிக்க முடியாத அளவு புல்வெளிச் செடிகளை ஒரு நடவுத் திட்டம் அழித்திருக்கிறது. கொடைக்கானல் கடைவீதியில் மலையின் மருந்தென்று பயணிகள் வாங்கிச் செல்லும் தைலமும் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸ் மரத்தின் எண்ணெயே.

7. சந்தையும் சட்டமும்

7.1 சந்தை. தேசிய மருத்துவத் தாவர வாரியத்தின் 2017 மதிப்பீட்டின்படி இந்தியாவில் 1,178 தாவர இனங்கள் மூலிகை வணிகத்தில் உள்ளன. 242 இனங்கள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்கின்றன. 2014–15-இல் மொத்தத் தேவை ஏறத்தாழ 5,12,000 டன். இதில் பெரிய பங்கு இன்னும் காட்டிலிருந்தே வருகிறது. காட்டுக்கும் கடைக்கும் இடையே குத்தகைதாரர், உள்ளூர் வியாபாரி, மொத்த வியாபாரி எனப் பல கைகள். விலை எடைக்குத் தரப்படுகிறது. கிழங்கின் தலையை நட்டுவிட்டு வந்தவருக்கும் வேரோடு பிடுங்கியவருக்கும் கிலோவுக்கு ஒரே விலை. பிடுங்கியவருக்கு எடை கூடுதல். பொறுப்பாக எடுப்பவர் நட்டமடையும்படி அமைந்த சந்தை இது.

7.2 சட்டம். 2006 வன உரிமைச் சட்டம், சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் காடுவாழ் மக்களுக்கு உரிமை உண்டென ஏற்கிறது. சரணாலயங்களுக்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டில் உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்கல் 2008 முதல் தடைபட்டு, 2016-இல்தான் அத்தடை நீங்கியது. இதற்கிடையே 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. உரிமையை எழுதித் தருவதற்கு முன்பே எல்லைக்கோடு போடப்பட்டது. தன் தாத்தா தோண்டிய இடத்தில் தோண்டும் பளியர், பட்டா கைக்கு வராதவரை, குற்றவாளியாகப் பார்க்கப்படும் நிலையிலேயே இருக்கிறார்.

2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தம், தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் ஆயுஷ் மருத்துவர்களுக்கும் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து விலக்குத் தந்தது. ஏட்டில் ஏறிய அறிவுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. ஏட்டில் ஏறாத அறிவை உரியவர் நிறுவிக் காட்ட வேண்டும். அனுபவத்தில் மட்டும் வாழும் பளியர் அறிவு இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

7.3 முன்மாதிரிகள். மாற்றுவழி இல்லாமல் இல்லை. 1987-இல் அகத்தியமலைக்குச் சென்ற அறிவியலாளர்களுக்குக் அங்கு வாழும் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினர். அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்கப் பாலோடு ஊரிலுள்ள தாவரவியல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்காக 1997-இல் அறக்கட்டளை அமைந்தது. குறைகள் பல சொல்லப்பட்டாலும், அறிவுக்கு விலை உண்டென்பதை அது நிறுவியது. செங்கல்பட்டுப் பகுதியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இன்னொரு வகை. பாம்பைக் கொன்று தோல் விற்ற காலம் போய், நஞ்செடுத்து மீண்டும் காட்டில் விடும் முறை வந்தது. இருளரின் திறமை நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அடிப்படையாயிற்று. வாழ்வாதாரமும் உயிரினமும் ஒருசேரக் காக்கப்பட்டன.

8. பாதுகாப்பு எல்லைகள்

மரபை மதிப்பது என்பது ஆபத்தை மறைப்பதாகாது. மூன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, காந்தள் கிழங்கு கொடிய நஞ்சு. வள்ளிக்கிழங்கென்று தவறாகக் கருதி உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். சித்த மரபு அதை உப்புக் கலந்த மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் உலர்த்திப் பலநாள் சுத்தி செய்தே பயன்படுத்துகிறது. வீட்டில் முயலவே கூடாது.

இரண்டு, ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியவை அரிஸ்டலோக்கியா இனங்கள். இவற்றிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. நெடுங்கால வழக்கு ஒன்றே பாதுகாப்புக்குச் சான்றாகாது.

மூன்று, பாம்புக்கடிக்கு எந்த வேரும் மருந்தல்ல. மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து மட்டுமே உயிர்காக்கும். மலையூர்களில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

9. முடிவுகளும் பரிந்துரைகளும்

இவ்வாய்வின் முடிவு இது: பழனிமலையில் மூலிகை அருகுவதற்கு முதற்காரணம், அளவறிந்து எடுப்பவரிடமிருந்து அளவை முடிவு செய்யும் உரிமை பறிபோனதே. வாழிடம் மாறியதும் எடைக்கு மட்டும் விலை தரும் சந்தையும் அதன் துணைக்காரணங்கள். இதிலிருந்து ஐந்து பரிந்துரைகள் பிறக்கின்றன.

அ. பளியர் ஊர்களின் சமூக வன உரிமைப் பட்டாக்களைக் கிராம சபை வழியே காலக்கெடு வைத்து வழங்க வேண்டும்.

ஆ. வேர், கிழங்கு, பட்டை வகைகளுக்குப் பருவத்தடையையும் இடச்சுழற்சியையும் அவ்வூர் மக்களே வகுத்து, வனத்துறை அதை ஏற்க வேண்டும்.

இ. அரசு மருந்து நிறுவனமான டாம்ப்கால், இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகக் கொள்முதல் செய்து, முறையாக எடுத்த சரக்குக்குக் கூடுதல் விலை தர வேண்டும்.

ஈ. பெருந்தேவையுள்ள வேர்மூலிகைகளுக்குக் கீழ்மலையில் நாற்றங்கால் அமைத்த பின்பே பரவலான வழங்கல் திட்டங்களை அறிவிக்க வேண்டும்.

உ. வாட்டிலை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணியில் மலைமக்களுக்குக் கூலியோடு முடிவெடுக்கும் இடமும் தர வேண்டும்.

வாசகர்க்கும் ஒரு வேண்டுகோள். நாட்டு மருந்துக் கடையில் அடுத்தமுறை ஒரு வேரை வாங்கும்போது, இது காட்டுச் சரக்கா, பயிர்ச் சரக்கா என்று கேளுங்கள். பயிராகக் கிடைப்பதைப் பயிராகவே வாங்குங்கள். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் விசாரிப்பார்; விற்பவர் விசாரித்தால் பறிப்பவரின் அறிவுக்கும் விலை வரும்.